100 ஜிபி 'ஆர்கெஸ்ட்ரா' வாங்கப் போறீங்களா? டெமோ சொல்லாத விஷயங்கள் என்னென்ன?

ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை போட வேண்டும். கையில் இருப்பது ஒரு லேப்டாப்பும் சின்ன மிடி கீபோர்டும்தான். இயக்குநருக்கோ வயலின் கூட்டம் வேண்டும், போர் முரசு வேண்டும், கூடவே இரும்பை இழுத்து உரசுவது போல பயமுறுத்தும் ஒரு சத்தமும் வேண்டும். ஸ்டூடியோ வாடகைக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் பட்ஜெட் இல்லை.

இந்த இடத்தில்தான் சாம்பிள் லைப்ரரிகள் கண்ணில் படுகின்றன. இலவசத்தில் தொடங்கி, சில ஆயிரம் ரூபாய், பெரிய தொகுப்பு என்றால் லட்சத்தைத் தொடும் விலை வரை விதவிதமாக இருக்கின்றன. டெமோவைக் கேட்டால் ஹாலிவுட் படம் மாதிரியே இருக்கும். காசு கட்டி, ராத்திரி முழுக்க டவுன்லோடு செய்து, காலையில் கீபோர்டில் கை வைத்தால், "டெமோவில் கேட்ட சத்தம் எங்கப்பா?" என்று தேட வேண்டியிருக்கும்.

பெரும்பாலான நிறுவனங்கள் டவுன்லோடு ஆன லைப்ரரிக்குப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பிடிக்கவில்லை என்று இன்னொருவருக்கு விற்கவும் பல உரிமங்கள் இடம் தருவதில்லை. பழைய கிடார் என்றால் பாதி விலைக்காவது போகும், இதில் அதுவும் கிடையாது. அதனால் என்ன பார்க்க வேண்டும், எதைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சாம்பிள் இசைக்கருவி என்றால் என்ன?

நிஜமான வாத்தியத்தை ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளை கீபோர்டின் கட்டைகளில் பொருத்துகிறார்கள். நீங்கள் கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். அவ்ளோதான் அடிப்படை.

இது கம்ப்யூட்டர் காலத்து யோசனையும் அல்ல. 1963-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான மெல்லோட்ரான் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு இருந்தது. கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் 8 விநாடியில் முடிந்துவிடும். 1967-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் ஒலி மெல்லோட்ரானில் இருந்து வந்ததுதான். எங்கள் பிழைப்பு போய்விடும் என்று பிரிட்டனின் இசைக்கலைஞர்கள் சங்கம் அப்போதே கவலைப்பட்டது. அந்தக் கவலை இன்றும் தீர்ந்தபாடில்லை.

1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்து ஃபேர்லைட் வந்தது. சாம்பிளிங் டிஜிட்டல் ஆனது. அதில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசையில் இருந்து எடுத்த ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ரா அடி இருந்தது. 'ஆர்க் 5' என்று பெயர். 80-களின் பாப், ஹிப்-ஹாப் பாடல்களில் அந்த ஒரு அடி திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரே சாம்பிள் எல்லோர் கையிலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முதல் பாடம் அது. இன்றைய ட்ரெய்லர்களில் வரும் 'ப்ராம்...' என்ற பித்தளை உறுமலும் அதே கதைதான். 2010-ல் 'இன்செப்ஷன்' வந்த பிறகு அந்த உறுமல் இல்லாத ட்ரெய்லரைத் தேட வேண்டியதாயிற்று.

'ஹைப்ரிட்' என்கிறார்களே, அது என்ன?

வாத்திய ஒலியும் சிந்தசைசர் ஒலியும், சில நேரம் இசையே அல்லாத சத்தங்களும் கலந்து ஒன்றாக ஒலிப்பதுதான் ஹைப்ரிட். 1987-ல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி-50 கீபோர்டு இதைச் சாமர்த்தியமாகச் செய்தது. அந்தக் காலத்தில் மெமரி விலை அதிகம். அதனால் ஒலியின் தொடக்கத்துக்கு மட்டும் சின்ன சாம்பிள், மீதி நீளத்துக்கு சிந்தசைசர். நம் காது ஒரு வாத்தியத்தை அடையாளம் காண்பதில் அந்தத் தொடக்க நொடிக்குப் பெரிய பங்கு உண்டு. காதை ஏமாற்ற அதுவே போதுமானதாக இருந்தது.

இசைக்கும் சவுண்ட் டிசைனுக்கும் இருந்த கோடு எவ்வளவு அழிந்துவிட்டது என்று பார்க்க வேண்டுமா? 2019-ல் வந்த 'செர்னோபில்' தொடரைக் கேளுங்கள். இசையமைப்பாளர் ஹில்டர் குட்னடோட்டிர், லித்துவேனியாவில் மூடப்பட்ட இக்னலினா அணுமின் நிலையத்துக்குள் போய் அங்கிருந்த ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றை வைத்தே அந்தத் தொடரின் இசையை உருவாக்கினார். கதவும் பம்பும் அறையின் எதிரொலியும்தான் அங்கே வாத்தியங்கள்.

இத்தனை ஜிபி என்றால் அவ்வளவு தரமா?

இல்லை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது ஜிபி கணக்கைத்தான். அது எப்படி ஊதிப் பெருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவு என்றால் விநாடிக்குச் சுமார் 0.29 எம்பி. பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றையும் மெதுவான தொடுதல் முதல் பலமான அடி வரை 10 அளவுகளில், தலா 15 விநாடி பதிவு செய்தால் மொத்தம் 13,200 விநாடி. ஏறக்குறைய 3.8 ஜிபி. இதையே பக்கத்தில், தூரத்தில், கூரை அருகில் என 5 மைக் நிலைகளில் எடுத்தால் 19 ஜிபி. வாத்தியம் அதேதான், வாசித்த கையும் அதேதான், மைக் மட்டும்தான் கூடியிருக்கிறது.

ஸ்பிட்ஃபயர் ஆடியோ 2019-ல் வெளியிட்ட பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி நல்ல உதாரணம். லண்டனின் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவானது. அதன் பெரிய பதிப்பு 500 ஜிபியைத் தாண்டும். 'டிஸ்கவர்' என்ற சின்னப் பதிப்போ சில நூறு எம்பிதான். ஆர்கெஸ்ட்ராவும் அறையும் ஒன்றே. மைக் நிலைகள், வாசிப்பு முறைகளின் எண்ணிக்கை, பதிவின் நுணுக்கம் ஆகியவற்றில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனால் 20 மைக் நிலைகளில் நீங்கள் எத்தனையைப் பயன்படுத்துவீர்கள்? இரண்டு. அதிகம் போனால் மூன்று. மீதி உங்கள் எஸ்எஸ்டியில் குடியிருக்கும்.

சோதிப்பது எப்படி?

டெமோ பாடலைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது கைதேர்ந்த இசையமைப்பாளர் ஒருவர் அந்த லைப்ரரிக்கு எது நன்றாக வருமோ அதை மட்டும் வைத்து எழுதியது. மேலே எஃபெக்ட்டுகள் பூசி, மிக்ஸிங்கும் செய்திருப்பார்கள். யாராவது ஒருவர் எஃபெக்ட் எதுவும் போடாமல், தனி வாத்தியமாக, சும்மா கீபோர்டில் வாசித்துக் காட்டும் வீடியோவைத் தேடுங்கள். நிறுவனம் சின்னப் பதிப்போ சோதனைப் பதிப்போ கொடுத்தால் அதை இறக்கி நீங்களே வாசித்துப் பாருங்கள்.

முதலில் ஒரே சுரத்தை ஒரே வேகத்தில் எட்டு முறை தட்டுங்கள். நிஜமான வயலின்காரர் எட்டு முறையும் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார், வாசிக்கவும் முடியாது. லைப்ரரியில் ஒரே பதிவு மட்டும் இருந்தால் 'டட டட டட' என்று இயந்திரத் துப்பாக்கி மாதிரிக் கேட்கும். இதைத் தவிர்க்கத்தான் ஒரே சுரத்தைப் பல முறை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறார்கள். அதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர். முரசு, தவில், குறுகிய வில் வீச்சு போன்றவற்றுக்கு இது இல்லாமல் தீராது. நீண்டு நிற்கும் ஒலிகளுக்கு அவ்வளவு முக்கியமில்லை.

அடுத்து, ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு மாடுலேஷன் வீலை கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். மென்மையான வாசிப்பில் இருந்து அழுத்தமான வாசிப்புக்கு ஒலி மாற வேண்டும். வெறுமனே வால்யூம் ஏறுகிறதா, இல்லை ஒலியின் குணமே மாறுகிறதா என்று கவனியுங்கள். பித்தளை வாத்தியம் பலமாக ஊதினால் கரகரப்பு கூடும். அது வரவில்லை என்றால் உள்ளே ஒரே அடுக்குதான் இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு கட்டத்தில் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்டால், அடுக்குகளை இணைத்த விதத்தில் குறை. தனி வயலின், தனிப் புல்லாங்குழலில் இது சட்டென்று காட்டிக்கொடுக்கும். 60 பேர் கூட்டத்தில் காதுக்குத் தெரியாது.

மூன்றாவது லெகாட்டோ, அதாவது ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு மூச்சு விடாமல் போவது. நல்ல லைப்ரரிகளில் இந்த நகர்வையே தனியாகப் பதிந்திருப்பார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. பதிந்த நகர்வு ஒலித்து முடிய நேரம் எடுக்கும் என்பதால், கட்டையை அழுத்திய பிறகுதான் அடுத்த சுரம் வந்து சேரும். மெதுவான மெலடிக்குப் பிரச்னையில்லை. வேகமான பகுதிகளில் தாளத்துக்குப் பின்னால் விழும், நோட்டுகளை முன்னால் நகர்த்தி வைக்க வேண்டியிருக்கும். பாட்டு அவசரத்தில் இருக்கும்போது இந்த வேலை தலைவலி.

கடைசியாக, ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒரு சுரம் அடங்கும் வரை காத்திருந்து கேளுங்கள். அறை இரைச்சல் லேசாகக் கேட்கும். ஒரு டிராக்கில் அது ஒன்றுமே இல்லை. 30 டிராக் சேரும்போது ஏசி ஓடுகிற மாதிரி ஆகிவிடும்.

கமகத்தில்தான் சாயம் வெளுக்கும்

நம் ஊரில் இந்த லைப்ரரிகளை வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். மேற்கத்திய லைப்ரரிகள் ஒரு சுரம் ஒரு இடத்தில் நிற்கும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. தோடியின் காந்தாரம் நிற்கிற சுரமா என்ன? ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் உருவம்.

மிடி கீபோர்டில் பிட்ச் பெண்ட் வீல் இருக்கிறதே என்று கேட்கலாம். வழக்கமாக அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரங்களுக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும். பெரிய ஜாருவுக்கு அது போதாது. அந்த எல்லையை விரிக்க லைப்ரரி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விரித்த பிறகும் இரண்டு சிக்கல்கள் காத்திருக்கும். ஒன்று வைப்ரேட்டோ. பதிவிலேயே வைப்ரேட்டோ ஒட்டிக்கொண்டு வந்தால், அதன் மேல் நீங்கள் கமகம் சேர்க்கும்போது ஒலி ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி அலையும். வைப்ரேட்டோவே இல்லாத பதிவு தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனி வாத்தியம் வாங்குபவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஒரு லைப்ரரியை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம் என்பேன்.

இன்னொன்று அறையின் எதிரொலி. இதைப் பற்றி விளம்பரங்கள் வாயே திறப்பதில்லை. பெரிய ஹாலில் பதிந்த சுரத்துக்குள் அந்த ஹாலும் இருக்கிறது. நீங்கள் சுரத்தை வளைத்தால் ஹாலும் சேர்ந்து வளையும். நிஜத்தில் அப்படி நடக்காது. வாசிப்பவர் அடுத்த சுரத்துக்குப் போன பிறகும் பழைய சுரத்தின் எதிரொலி பழைய இடத்திலேயே மெல்ல அடங்கும். காது இதைக் கண்டுபிடித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் 'என்னமோ செயற்கையா இருக்கே' என்று தோன்றும். அதனால் கமகம் வாசிக்கப் போகிறவர்கள் பக்கத்து மைக் பதிவு தனியாகக் கிடைக்கும் லைப்ரரியை எடுத்து, எதிரொலியைப் பிறகு ரிவெர்ப் மூலம் சேர்ப்பதே சரி.

இந்திய வாத்தியங்களுக்கென்றே வரும் லைப்ரரிகளிலும் கவனம் தேவை. பல லைப்ரரிகள் முழுச் சொற்றொடர்களாகப் பதிந்து தருகின்றன. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அந்தச் சொற்றொடர் எந்த ராகம், எந்தச் சுருதி, எந்த வேகம் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. உங்கள் பாட்டு வேறு ராகத்தில் இருந்தால் அது உதவாது. உங்கள் பாட்டுக்குப் பொருந்தினாலும் இன்னும் நூறு பேர் பாட்டில் அதே சொற்றொடர் கேட்கும்.

சவுண்ட் டிசைனுக்கு வேறு அளவுகோல்

இசைக்கு ஒரு லைப்ரரி எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்பது கேள்வி. சவுண்ட் டிசைனுக்கோ, எவ்வளவு சிதைத்தாலும் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தத் துறையில் அதிகம் செய்வது ஒலியை வேகம் குறைத்துக் கீழே இறக்குவது. கதவு கிரீச்சிடும் சத்தத்தை இரண்டு ஆக்டேவ் இறக்கினால் ராட்சசன் முனகுவது போலாகும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அதிகபட்சம் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலி இருக்கும். இரண்டு ஆக்டேவ் இறக்கினால் அது நான்கில் ஒரு பங்காகி 6 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும். போர்வைக்குள் இருந்து பேசுவது போல மங்கிப்போகும். 192 கிலோஹெர்ட்ஸ் பதிவு என்றால், மைக்கும் அந்த உயரம் வரை பிடித்திருந்தால், அதே அளவு இறக்கினாலும் 24 கிலோஹெர்ட்ஸ் வரை தெளிவு மிஞ்சும். 'ஹை-ரெஸ்' என்ற சொல் பாட்டு கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் விளம்பரம்தான், இங்கே மட்டும் அதற்கு வேலை இருக்கிறது.

லைப்ரரிக்குள் உங்கள் சொந்தப் பதிவைப் போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் ஆயுள் கூடும். இல்லாவிட்டால் தொழிற்சாலையில் இருந்து வந்த ஒலிகள் தீர்ந்ததும் சலிப்புத் தட்டிவிடும்.

ஹைப்ரிட் கலவையில் இன்னொரு தொல்லை. இந்த லைப்ரரிகளில் ஒவ்வொரு ஒலியையும் தனியாகக் கேட்கும்போதே பிரமாண்டமாக இருக்கும்படி செய்கிறார்கள். அடியில் இடி போல பேஸ், மேலே பளபளப்பு, சுற்றிலும் எதிரொலி. தனியாக அசத்தும். வசனம், செல்லோ, முரசு எல்லாம் வந்ததும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொள்ளும். எதிரொலியையும் எஃபெக்ட்டுகளையும் ஒரே சொடுக்கில் நிறுத்த முடிகிற லைப்ரரி நல்லது. நிறுத்திய பிறகும் ஒலி நன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

உரிமத்தில் ஒளிந்திருக்கும் வரிகள்

காசு கொடுத்து வாங்கினால் ஒலி உங்களுடையது என்று நினைத்தால் தவறு. நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமையை மட்டும்தான். இசையில் கலந்து படத்துக்கோ பாடலுக்கோ தருவதை வழக்கமாக அனுமதிப்பார்கள். ஆனால் அதே ஒலியைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பதற்குப் பல உரிமங்களில் தடை உண்டு. மொபைல் கேமில் ஒரு பட்டனை அழுத்தினால் வரும் சத்தமாக லைப்ரரியின் ஒற்றை அடியை அப்படியே வைக்கலாமா? சவுண்ட் டிசைன் செய்பவர்கள் இந்த ஒரு கேள்விக்காகவாவது உரிமத்தைப் படிக்க வேண்டும், புரியாவிட்டால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைக்க வேண்டும். தனியாகக் கேட்கும் தயார் லூப்களை அப்படியே போட்டால், அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவர் பெயரில் யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை வரவும் வாய்ப்பு உண்டு.

அதேபோல லைப்ரரி எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பதும் முக்கியம். கான்டாக்ட் மென்பொருளில் ஓடும் லைப்ரரிகள் ஏராளம். ஆனால் எல்லாமே அதன் இலவசப் பிளேயரில் முழுமையாக ஓடாது. முழுப் பதிப்புக்கென்று செய்தவை இலவசப் பிளேயரில் 15 நிமிடத்தில் நின்றுவிடும். குறைந்த விலை லைப்ரரி என்று வாங்கி, அதை ஓட்டுவதற்காக அதைவிட விலை கூடிய மென்பொருளை வாங்க வேண்டி வந்தவர்கள் நிறைய பேர்.

மென்பொருளே மறைந்துபோனால்? நடந்திருக்கிறது. 90-களின் கடைசியில் வந்த கிகாசாம்பிளர்தான் ஒலியை மெமரியில் அடைக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து நேரடியாக ஓடவிட்டு இந்தத் துறையையே மாற்றியது. பிறகு கிகாஸ்டூடியோ என்ற பெயரில் டாஸ்காம் நிறுவனத்திடம் போனது. 2008-ல் நிறுத்தப்பட்டது. அதற்கென்று லைப்ரரி வாங்கிக் குவித்தவர்கள் அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு திண்டாடினார்கள்.

முதலில் எதில் தொடங்கலாம்?

இலவசத்தில் இருந்தே தொடங்கலாம். பியானோபுக் தளத்தில் உலகம் முழுவதும் உள்ளவர்கள் தங்கள் வீட்டுப் பியானோ முதல் பொம்மை வாத்தியம் வரை சாம்பிள் செய்து இலவசமாகப் பகிர்கிறார்கள். அவற்றில் பலவும் டீசன்ட் சாம்பிளர் என்ற இலவச மென்பொருளில் ஓடும். ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே சொன்ன டிஸ்கவர் பதிப்பு இருக்கிறது. ஒரு பாட்டை முழுதாக முடித்துப் பாருங்கள். எங்கே தட்டுகிறது என்று அப்போது தெரியும். லெகாட்டோதான் குறை என்றால் லெகாட்டோ நன்றாக உள்ளதை வாங்கலாம். அவசரம் இல்லையென்றால் நவம்பர் கடைசி வரை காத்திருங்கள், பிளாக் ஃப்ரைடே சமயத்தில் பல நிறுவனங்கள் விலையைக் கணிசமாகக் குறைக்கும்.

யாரிடமும் இல்லாத ஒலி வேண்டுமென்றால் அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பித்தளைக் குடம், ஆட்டுக்கல், இரும்பு கேட், ஃபேனின் முனகல். ராத்திரி தெரு அடங்கிய பிறகு, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, ஒரு பொருளை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என மூன்று அளவில், ஒவ்வொன்றையும் நான்கு முறை தட்டிப் பதிவு செய்யுங்கள். 12 பதிவுகள். மூன்று அடுக்கும் நான்கு ரவுண்ட் ராபினும் கொண்ட ஒரு முரசு தயார். ஒவ்வொரு அடியும் முழுதாக அடங்கும் வரை கையை அசைக்க வேண்டாம். கடைசியில் எதையும் தட்டாமல் 10 விநாடி அறையின் அமைதியை மட்டும் தனியாகப் பதிந்து வையுங்கள். பின்னால் இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு எது இரைச்சல் என்று காட்ட அது தேவைப்படும்.